நிறுத்தி வைத்த வண்டிக்கும் கணக்கு உண்டு



எல்லாப் புகழும் அகிலங்களின் இரட்சகனான அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபி முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும், அவர்களைப் பின்பற்றி நடக்கும் நம் அனைவர் மீதும் உண்டாவதாக!

 

சில வாரங்களுக்கு முன் இஷா தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு, நம் மஹல்லாவைச் சேர்ந்த ஒரு மாணவர் பள்ளியின் தூண் ஓரமாக உட்கார்ந்திருந்தார். வெளியூரில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை. "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேக்கணும்" என்றார். அவர் சொன்னதை அவருடைய சம்மதத்தோடுதான், பெயரும் ஊரும் கல்லூரியும் சொல்லாமல், உங்களிடம் சொல்கிறேன்.

அவருடைய அத்தா தவணையில் ஒரு மின்ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்திருக்கிறார். ஒரு நாள் இரவு நல்ல மழை. வண்டி நிறுத்துமிடத்தில் கூரை கிடையாது. பேட்டரி வண்டி நனைந்துவிடுமே என்று பயந்து, விடுதியின் பின்வாசலில் இருக்கும் சாய்தளத்தின் மேல், கூரைக்குக் கீழே, வண்டியை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டார். சக்கர நாற்காலியும் சாமான் தள்ளுவண்டியும் போவதற்காகக் கட்டிய பாதை அது. விடிவதற்கு முன் தூய்மைப் பணி செய்யும் அம்மா ஒருவர் வாளியும் துடைப்பமுமாக வந்திருக்கிறார். வழியில் வண்டி. சுற்றிப் போகலாம் என்று சாய்தளத்தின் ஓரத்தில் கால் வைத்தவர் ஈரத்தில் வழுக்கிக் கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது. மாவுக்கட்டுப் போட்டிருக்கிறார்கள். தினக்கூலி வேலை. கை இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை.

அந்த வண்டி யாருடையது என்று யாரும் விசாரிக்கவில்லை. அங்கே தினமும் நாலைந்து வண்டிகள் நிற்குமாம். இவர் மட்டும் அறிந்திருந்தார். அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்:

"ஹஜ்ரத், நான் யாரையும் இடிக்கல. வண்டியை ஓட்டவே இல்ல, நிறுத்தித்தான் வச்சிருந்தேன். அந்த அம்மா என் வண்டி மேல மோதக்கூட இல்ல. அவங்களுக்குக் கெடுதல் செய்யணும்னு நான் நினைக்கவும் இல்ல. செயல்களெல்லாம் நிய்யத்தைப் பொறுத்ததுதானே? அப்ப எனக்கு இதுல பாவம் உண்டா?"

சகோதரர்களே! இந்தக் கேள்வியைச் சின்னக் கேள்வி என்று நினைத்துவிடாதீர்கள். நாம் ஒவ்வொருவரும் நம் மனதுக்குள் தினமும் சொல்லிக்கொள்ளும் சமாதானம்தான் இது. நான் வேண்டுமென்று செய்யவில்லை, அதனால் எனக்குப் பொறுப்பில்லை என்கிறோம். இது சரியா? மார்க்கம் என்ன சொல்கிறது?

நிய்யத் எதை மன்னிக்கும்? எதை மன்னிக்காது?

நிய்யத்தின் மகத்துவத்தை யாரும் மறுக்க முடியாது. தவறுதலாகச் செய்துவிட்டதில் குற்றமில்லை, உள்ளம் தீர்மானித்துச் செய்வதில்தான் குற்றம் என்று அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5 ஆம் வசனம் நமக்கு ஆறுதல் தருகிறது. அல்பகராவின் கடைசி வசனத்தில், மறதிக்கும் தவறுக்கும் பிடித்துவிடாதே என்று கேட்க நமக்குக் கற்றுத் தரப்பட்டிருக்கிறது.

அதே குர்ஆனில் அந்நிஸா அத்தியாயத்தின் 92 ஆம் வசனத்தையும் பாருங்கள். ஒருவர் கை தவறி இன்னொருவரைக் கொன்றுவிட்டார். கொல்லும் எண்ணமே இல்லை. அப்படியும் அல்லாஹ் அவரை, பரவாயில்லை போ என்று விட்டுவிடவில்லை. இறந்தவரின் குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுக்க வேண்டும். அதோடு ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். அதற்கு வசதியில்லாதவர் தொடர்ந்து இரண்டு மாதம் நோன்பு நோற்க வேண்டும். ஏன்? கொலைகாரனுக்குரிய குற்றம் இவர் மேல் இல்லைதான். ஆனால் போன உயிர் போனதுதான். அந்த வீட்டில் அடுப்பு எரிய வேண்டும். இவர் மனமும் அசட்டையிலிருந்து விழித்துக்கொள்ள வேண்டும்.

ஆக, இரண்டு விஷயங்கள் தனித்தனியாக இருக்கின்றன. ஒன்று, வேண்டுமென்றே செய்த குற்றம். அதை முடிவு செய்வது நிய்யத். மற்றொன்று, அடுத்தவருக்கு ஏற்பட்ட நஷ்டம். என் நிய்யத் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த அம்மாவின் எலும்பு அதனால் ஒட்டிக்கொள்ளாது. என் நிய்யத்தைக் கொண்டுபோய்க் கடையில் கொடுத்து அவர் அரிசி வாங்க முடியாது.

இன்னொன்றையும் அந்தத் தம்பியிடம் சொன்னேன். "தம்பி, அவங்க விழுந்தது நீங்க நினைச்சதில்ல. ஒத்துக்கறேன். ஆனா அங்க நிறுத்தினது நீங்க நினைச்சுச் செஞ்சதுதானே? அது பாதைன்னு தெரியுமா, தெரியாதா?" அவர் தலையைக் குனிந்துகொண்டார். "தெரியும் ஹஜ்ரத்" என்றார்.

இங்கேதான் நாம் ஏமாந்துபோகிறோம். முடிவை நாம் விரும்பவில்லை என்பதால், தொடக்கத்தையும் நாம் தேர்ந்தெடுக்கவில்லை என்று நம்மை நாமே நம்ப வைத்துக்கொள்கிறோம்.

800 வருடங்களுக்கு முன்பே பேசப்பட்ட பார்க்கிங்

வண்டி நிறுத்துவதைப் பற்றியெல்லாம் ஃபிக்ஹு கிதாபுகளில் இருக்குமா என்று சிலர் கேட்கலாம். ஹிஜ்ரி 593 இல் வஃபாத்தான இமாம் புர்ஹானுத்தீன் மர்கீனானீ (ரஹ்) எழுதிய ஹிதாயா, ஹனஃபி மத்ஹபில் அரபிக் கல்லூரி மாணவர்கள் ஓதும் கிதாபு. அதில் வாகனப் பிராணிகளால் ஏற்படும் சேதங்களைப் பற்றித் தனிப் பாடமே இருக்கிறது.

அங்கே அடிப்படையாக ஒரு சட்டத்தைச் சொல்கிறார்கள். பொதுப்பாதையில் போவதற்கு எல்லோருக்கும் அனுமதி உண்டு; ஆனால் அது நிபந்தனையுள்ள அனுமதி. அந்த நிபந்தனை, பிறருக்குப் பாதுகாப்பு. பாதை எனக்கு மட்டும் சொந்தமில்லை, எல்லோருக்கும் பங்குள்ளது. என் பங்கை நான் அனுபவிக்கும்போது அடுத்தவர் பங்கு கெடக்கூடாது.

இந்த அடிப்படையில் ஒரு நுணுக்கமான தீர்ப்பைச் சொல்கிறார்கள். ஒருவர் குதிரையில் போய்க்கொண்டிருக்கிறார். குதிரை ஒருவரை மிதித்துவிட்டால், கடித்துவிட்டால், முட்டிவிட்டால் அவர்தான் பொறுப்பு. போய்க்கொண்டிருக்கும்போது அது பின்னங்காலால் உதைத்துவிட்டாலோ வாலால் அடித்துவிட்டாலோ அவர் பொறுப்பல்ல. ஏனென்றால் ஓடும் குதிரையின் பின்னங்காலையும் வாலையும் யாராலும் கட்டுப்படுத்த முடியாது. ஆனால் அதே குதிரையை அவர் பாதையில் நிறுத்தி வைத்திருக்கும்போது அது உதைத்தால் அதற்கும் அவரே பொறுப்பு! என்ன காரணம்? பாதையில் போகாமல் இருக்க முடியாது. பாதையில் நிறுத்தாமல் இருக்க முடியும்.

சிந்தித்துப் பாருங்கள் சகோதரர்களே! ஓட்டுபவருக்குக் கிடைக்கும் சலுகைகூட, வழியில் நிறுத்தி வைத்தவருக்குக் கிடைக்கவில்லை. நிறுத்தித்தானே வைத்திருந்தேன் என்பதை அந்தத் தம்பி தனக்குச் சாதகமாகச் சொன்னார். நம் இமாம்களின் பார்வையில் அதுவே அவருக்குப் பாதகமாக வந்து நிற்கிறது.

அதே கிதாபில் இன்னொரு சட்டம். ஒருவர் தன் சொந்த நிலத்தில் கிணறு வெட்டினார், யாரோ அதில் விழுந்துவிட்டார் என்றால் அவர் மேல் பொறுப்பில்லை. அதே கிணற்றைப் பொதுப்பாதையில் வெட்டினால், அல்லது பாதையில் ஒரு கல்லைப் போட்டு வைத்தால், அதனால் வரும் சேதத்துக்குப் பொறுப்பு உண்டு. கிணறு ஒன்றுதான். இடம்தான் தீர்ப்பை மாற்றுகிறது. உங்கள் வண்டி ஸ்டாண்டில் நின்றால் அது வண்டி. சாய்தளத்தில் நின்றால் அது பாதையில் போட்ட கல்.

அந்த அம்மாவுக்கு எவ்வளவு ஈடு என்று கணக்கிடுவது முஃப்திகளும் நீதிபதிகளும் எல்லாக் காரணங்களையும் விசாரித்துச் செய்ய வேண்டிய வேலை. அவரே ஓரமாகக் கால் வைத்தது, மழை, வெளிச்சமின்மை எல்லாவற்றையும் அவர்கள் சீர்தூக்குவார்கள். ஆனால் எனக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போக அந்தத் தம்பிக்கு வழியில்லை. தொழுகை, நோன்பு, ஜகாத்தோடு மறுமையில் வந்தும், பிறருக்குச் செய்த தீங்குகளுக்கு ஈடாகத் தன் நன்மைகளையெல்லாம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பவனே என் சமுதாயத்தின் ஓட்டாண்டி என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்களே! (முஸ்லிம்) அடியார்களின் ஹக்கு அவ்வளவு கனமானது.

அம்பின் முனையைப் பிடித்துக்கொள்ளுங்கள்

நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கையில் பாதைக்கு இருந்த மரியாதையைப் பாருங்கள்.

பாதையோரத்தில் உட்கார்ந்து பேசுவதை விட்டுவிடும்படி ஸஹாபாக்களிடம் சொன்னார்கள். எங்களுக்கு வேறு இடமில்லையே என்று அவர்கள் சொன்னபோது, அப்படியானால் பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுங்கள் என்று கூறி, பார்வையைத் தாழ்த்துவது, தொல்லை தராமல் இருப்பது, ஸலாமுக்குப் பதில் சொல்வது, நன்மையை ஏவித் தீமையைத் தடுப்பது ஆகியவற்றை எண்ணிக் காட்டினார்கள். (அறிவிப்பாளர்: அபூஸயீத் அல்குத்ரீ (ரலி), நூல்: புகாரி, முஸ்லிம்) வெறுமனே உட்கார்ந்திருப்பவருக்கே இத்தனை கடமை என்றால், 100 கிலோவுக்கு மேல் எடையுள்ள ஒரு வண்டியைக் கொண்டு வந்து வைப்பவருக்கு எத்தனை?

அம்போடு பள்ளிவாசலிலோ கடைத்தெருவிலோ நடந்து போகிறவர், அதன் முனையைக் கையால் பிடித்துக்கொள்ள வேண்டும், யாருக்கும் கீறல் பட்டுவிடக்கூடாது என்று கட்டளையிட்டார்கள். (அறிவிப்பாளர்: அபூமூஸா (ரலி), நூல்: புகாரி, முஸ்லிம்) அம்பு வைத்திருக்கக்கூடாது என்று சொல்லவில்லை. அது தேவையான பொருள். ஆனால் குத்தக்கூடிய பக்கம் உன் கைக்குள் இருக்கட்டும் என்றார்கள். ஆபத்தான ஒரு பொருளை வைத்திருப்பவர்தான் அந்த ஆபத்தைத் தன் கையில் ஏற்க வேண்டும். எதிரே வருபவர் ஒதுங்கிப் போகட்டும் என்று விடக்கூடாது. நம் வண்டிகளின் முனை எது? வேகம். சத்தமில்லாமல் வருவது. நிறுத்தும் இடம். இவற்றைத்தான் நாம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பார்வையற்ற ஒரு ஸஹாபி நபியவர்களிடம் வந்து, என்னைப் பள்ளிக்கு அழைத்து வர ஆளில்லை, வீட்டிலேயே தொழுதுகொள்ளட்டுமா என்று கேட்டார். முதலில் அனுமதி கொடுத்த நபி (ஸல்) அவர்கள், அவர் திரும்பியதும் மறுபடி அழைத்து, பாங்கு சத்தம் உங்களுக்குக் கேட்கிறதா என்று விசாரித்தார்கள். ஆம் என்றதும், அதற்குப் பதிலளித்து வந்துவிடும்படி கூறினார்கள். (முஸ்லிம்) இந்த ஹதீஸை ஜமாஅத் தொழுகையின் முக்கியத்துவத்துக்காக எத்தனையோ முறை பயான் செய்திருக்கிறேன். இப்போது வேறொரு பக்கமும் தெரிகிறது. பார்வையில்லாத ஒருவர் தனியாக நடந்து வந்து சேரக்கூடியதாக அந்தப் பாதையை மற்றவர்கள் வைத்திருக்க வேண்டாமா? இன்றைக்கு நம் தெருவில், நம் கல்லூரிகளில், பார்வையற்ற ஒரு மாணவர் சுவரைத் தடவிக்கொண்டு நடந்தால் கையில் என்ன படுகிறது? வரிசையாக நிற்கும் வண்டிகளின் ஹேண்டில்பார். தரையில் பார்வையற்றோருக்காகப் பதித்த மேடுபள்ளமான மஞ்சள் ஓடுகளின் மேலேயே வண்டியை ஏற்றி நிறுத்துகிறோம். அந்த ஓடு எதற்கு என்றுகூட நமக்குத் தெரிவதில்லை.

நீங்கள் அறியாதவற்றையும் படைப்பான்

அந்நஹ்ல் அத்தியாயத்தின் 8 ஆம் வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றை நாம் ஏறிச் செல்லவும் அலங்காரமாகவும் படைத்ததாகச் சொல்லும் அல்லாஹ், நாம் அறியாதவற்றையும் படைப்பதாகச் சொல்கிறான். நம் காலத்து வாகனங்கள் எல்லாவற்றுக்கும் அதில் இடம் இருக்கிறது. சைக்கிளும் நிஃமத், மின்ஸ்கூட்டரும் நிஃமத்.

சைக்கிள் எத்தனை பேரின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது! 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்களின் ஊக்கத்தில் பல்லாயிரம் கிராமப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றார்கள். முஸ்லிம் பெண்களும் அதில் இருந்தார்கள். வேலைக்குப் போக, தண்ணீர் எடுக்க, பிள்ளைகளைப் பள்ளியில் விட யார் தயவும் தேவையில்லை என்ற நிலை வந்தது. இன்றைக்கு அரசுப் பள்ளிகளில் 11 ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் கிடைக்கிறது. நம் விருத்தாசலத்தில் காலையில் தெருவுக்கு வந்தால் அந்த சைக்கிள்களைத்தான் பார்க்கிறோம். மின்ஸ்கூட்டரும் ஓசூரிலும் கிருஷ்ணகிரி பக்கத்திலும் நம் மாநிலத்திலேயே தயாராகிறது. புகையில்லை, பெட்ரோல் செலவில்லை.

ஆனால் ஒவ்வொரு நிஃமத்துக்கும் ஒரு சோதனை உண்டு. மின்ஸ்கூட்டர் சத்தம் போடாது. பின்னால் வருவது நடப்பவருக்குத் தெரியாது. பெட்ரோல் வண்டி உறுமும். உறுமலைக் கேட்டுக் குழந்தை ஒதுங்கும். இது திருகிய உடனே பாயும். நிறுத்திவிட்டுச் சாவியை எடுக்காமல் பேசிக்கொண்டிருந்தால், பக்கத்தில் நிற்கும் சின்னப் பிள்ளை விளையாட்டாகத் திருகிவிட்டால் போதும்.

250 வாட்டுக்குக் குறைந்த மோட்டாரும் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகமும் உள்ள சின்ன மின்வண்டிகளுக்கு நம் நாட்டில் பதிவும் லைசென்ஸும் தேவையில்லை. சிலர் இதைக் கேட்டுவிட்டு எல்லா மின்ஸ்கூட்டருக்கும் அப்படித்தான் என்று நினைத்து, பத்தாவது படிக்கும் பிள்ளை கையில் பெரிய வண்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். அது சட்டப்படி குற்றம். 2019 ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, வயது வராத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றம் நடந்தால் தண்டனை பெற்றோருக்கும் வண்டியின் உரிமையாளருக்கும்தான். மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பாசம் என்று நாம் கொடுப்பது அமானிதத்தைப் பாழாக்குவதாக ஆகிவிடக்கூடாது. அதோடு, லைசென்ஸ் கேட்காத வண்டிக்கும் தக்வா கேட்கப்படும். சட்டம் விட்டுவிட்ட இடத்தில் மூமினுடைய மனசாட்சி நிற்க வேண்டும்.

சென்னை ஐஐடி வளாகத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கிண்டிக் காட்டை ஒட்டி, 250 ஹெக்டேர் அளவுக்கு மரங்கள் நிறைந்த இடம். புள்ளிமானும் வெளிமானும் அங்கே நடமாடுகின்றன. மாணவர்கள் சொந்த மோட்டார் வண்டி வைத்துக்கொள்ள முடியாது. சைக்கிளும் வளாகப் பேருந்தும்தான். நாட்டிலேயே பெரிய அறிவாளிப் பிள்ளைகள் படிக்கும் இடத்தில், நடப்பவரும் வாயில்லா ஜீவனும் பயமில்லாமல் போக வேண்டும் என்பதற்காக வசதியைக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார்கள். எல்லாக் கல்லூரியிலும் அதே விதி வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பேருந்து வராத கிராமத்திலிருந்து வரும் பிள்ளைக்கு வண்டி தேவை. ஆனால் பலம் குறைந்தவருக்காகப் பலம் உள்ளவர் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும் என்ற பாடம் எல்லா இடத்துக்கும் பொருந்தும்.

எல்லோரும்தானே நிறுத்துகிறார்கள்?

அந்தத் தம்பி இரண்டு விஷயம் கேட்டார். இரண்டிலும் நியாயம் இருக்கிறது, அதனால் பதில் சொல்ல வேண்டும்.

ஒன்று: "கூரையோட ஒரு ஸ்டாண்டு கட்டித் தந்திருந்தா நான் ஏன் ஹஜ்ரத் அங்க நிறுத்தப்போறேன்?" உண்மைதான். நீங்கள் ஒவ்வொருவரும் மேய்ப்பாளர். உங்கள் பொறுப்பில் உள்ளவர்கள் பற்றி விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்திலுள்ள ஹதீஸ் நிர்வாகத்துக்கும் சேர்த்துத்தான். ஆயிரம் பிள்ளைகள் படிக்கும் இடத்தில் வெயிலில் வாடும் ஒரு பொட்டல் நிலத்தைக் காட்டி அங்கே நிறுத்து என்றால், பிள்ளைகள் நிழலைத் தேடி வாசலுக்குத்தான் வருவார்கள். நிழலும், வெளிச்சமும், பாதுகாப்பாக சார்ஜ் போடும் வசதியும் செய்து தருவது நிர்வாகத்தின் கடமை. ஆனால் நிர்வாகம் தன் கடமையில் தவறியதற்கு அந்த அம்மா என்ன செய்வார்? நமக்கு அநியாயம் செய்தவர் வேறு. நாம் அதை இறக்கி வைத்த தோள் வேறு. மேலேயிருந்து வந்த கஷ்டத்தை நமக்குக் கீழே இருப்பவர் தலையில் மாற்றி விடுவதற்குப் பெயர் நியாயம் அல்ல.

இரண்டு: "எல்லாரும்தான் அங்க நிறுத்துறாங்க. அன்னைக்கு என் வண்டியா இருந்ததால நான் மாட்டிக்கிட்டேன்." இதுவும் உண்மைதான். நேற்று நிறுத்தியவரும் நாளை நிறுத்துபவரும் இவரைவிட நல்லவர்கள் அல்ல. யாரும் விழவில்லை என்பது மட்டும்தான் வித்தியாசம். அப்படியானால் இதிலிருந்து கிடைக்கும் படிப்பினை என்ன? இவர் குற்றமற்றவர் என்பதல்ல. மற்றவர்களும் தவறில் இருந்தார்கள், அல்லாஹ் அவர்களுக்கு அவகாசம் கொடுத்திருக்கிறான் என்பதுதான். யாரும் விழாத ஒவ்வொரு நாளும் நம் சாமர்த்தியம் இல்லை, அவனுடைய கிருபை.

பீங்கான் ஊர்க்காரர்களுக்கு ஒரு ஹதீஸ்

நம் ஊர் பீங்கான் ஊர். செராமிக் தொழிற்பேட்டையில் வேலை செய்தவர்கள் இந்த ஜமாஅத்திலேயே இருக்கிறீர்கள். சூளையிலிருந்து இறக்கிய பீங்கான் சாமானை வண்டியில் ஏற்றினால் எப்படி ஓட்டுவோம்? கீழே வைக்கோல், நடுவில் வைக்கோல். பள்ளம் வந்தால் வண்டி தவழும். அவசரம் என்று யாராவது ஓட்டினால், போய்ச் சேர்வது சாமான் அல்ல, சில்லுதான்.

நபி (ஸல்) அவர்களின் பயணத்தில் அன்ஜஷா (ரலி) என்பவர் பாடி ஒட்டகங்களை ஓட்டிச் செல்வார். அவர் குரலுக்கு ஒட்டகங்கள் வேகமெடுக்கும். ஒருமுறை பெண்கள் ஏறியிருந்த ஒட்டகங்களை அவர் ஓட்டியபோது, கண்ணாடிப் பாத்திரங்களை ஏற்றிச் செல்பவரைப் போல மெதுவாக ஓட்டும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். (அறிவிப்பாளர்: அனஸ் (ரலி), நூல்: புகாரி, முஸ்லிம்)

பீங்கானுக்கு நாம் கொடுக்கும் மரியாதையை மனித எலும்புக்குக் கொடுக்கிறோமா? உடைந்த பீங்கானுக்குப் பதில் இன்னொன்று வார்க்கலாம். 60 வயது மூட்டு உடைந்தால் பழையபடி சேர்வது லேசல்ல.

வேகத்துக்கும் நபியவர்களிடம் அளவு இருக்கிறது. ஹஜ்ஜில் அரஃபாவிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒட்டகங்களை விரட்டும் சத்தம் கேட்டதும், அமைதியாக வாருங்கள், நன்மை என்பது விரைந்து ஓட்டுவதில் இல்லை என்று உணர்த்தினார்கள். (புகாரி) அதே பயணத்தைப் பற்றி உஸாமா (ரலி) சொல்லும்போது, கூட்டத்தில் நிதானமாகப் போனார்கள், இடைவெளி கிடைத்தபோது வேகத்தைக் கூட்டினார்கள் என்கிறார்கள். (புகாரி, முஸ்லிம்) எவ்வளவு அழகான சட்டம்! வேகம் ஹராமில்லை. எதிரில் மனிதர்கள் இருக்கிறார்களா இல்லையா என்பதுதான் அளவுகோல். கணக்கும் அதைத்தான் சொல்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் நகரும். 40 இல் போனால் 11 மீட்டர். நாம் பார்த்து, புரிந்து, பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு விநாடி ஆகிவிடும். வேகம் இரண்டு மடங்கானால் இடியின் பலம் நான்கு மடங்கு. வகுப்பு விட்டுப் பிள்ளைகள் கூட்டமாக வெளியே வரும் நேரத்தில், அந்த 11 மீட்டருக்குள் எத்தனை பேர் இருப்பார்கள்?

முதலில் நம் பள்ளிவாசல் வாசல்

சகோதரர்களே! கல்லூரிப் பிள்ளைகளைச் சொல்லிக்கொண்டே போவதற்கு எனக்குத் தகுதியில்லை. அந்தத் தம்பி வந்துபோன அடுத்த ஜும்ஆவில் நானே தாமதமாக வந்தேன். அவசரத்தில் என் வண்டியை உளூச் செய்யும் இடத்துக்குப் போகும் வழியில் நிறுத்திவிட்டு மிம்பருக்குப் போய்விட்டேன். தொழுகை முடிந்து வந்தால், ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் என் வண்டியைப் பிடித்துக்கொண்டு ஓரமாகப் போக வழி தேடுகிறார். அவர் எதுவும் சொல்லவில்லை. ஸலாம் சொன்னார். எனக்கு அந்த ஸலாம் முள்ளாகக் குத்தியது.

ஜும்ஆவுக்கு வருகிறோம், நன்மைக்குத்தானே வருகிறோம் என்று பக்கத்து வீட்டு வாசலை அடைக்கிறோம். கடைக்காரர் ஷட்டருக்கு முன்னால் நிறுத்துகிறோம். ஒரு போர்ப் பயணத்தில் மக்கள் தங்குமிடங்களை நெருக்கி, பாதையை அடைத்துவிட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஓர் அறிவிப்பாளரை அனுப்பி, இடத்தை நெருக்குபவருக்கும் பாதையை அடைப்பவருக்கும் அந்த ஜிஹாதின் நன்மை கிடையாது என்று அறிவிக்கச் செய்தார்கள். (அறிவிப்பாளர்: முஆத் இப்னு அனஸ் (ரலி), நூல்: அபூதாவூத்) உயிரைக் கொடுக்க வந்தவரின் நன்மையே பாதையை அடைத்ததால் போகும் என்றால், 2 ரக்அத்துக்கு வந்து ஆம்புலன்ஸ் போகும் வழியை அடைப்பவரின் நிலை என்ன? இகாமத் கேட்டாலும் ஓடி வராதீர்கள், நிதானமாக வாருங்கள் என்றுதான் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. (புகாரி) ஐந்து நிமிடம் முன்னதாகக் கிளம்பினால் வேகமும் வேண்டாம், வாசலிலேயே நிறுத்தவும் வேண்டாம்.

நடைமுறையில் நாம் செய்ய வேண்டியவை

வாலிபர்களே, இவற்றை மனதில் வையுங்கள்.

வண்டியில் ஏறும்போது ஓதும் துஆவின் பொருளை நினைத்துக்கொள்ளுங்கள். இதை நம் வசப்படுத்தியவன் அல்லாஹ், நமக்கு அந்தச் சக்தி இல்லை, நாம் அவனிடமே திரும்பிப் போகிறவர்கள். (43:13, 14) திரும்பிப் போவதை நினைப்பவன் சாகசம் காட்ட மாட்டான்.

வளாகத்துக்குள் நடப்பவருக்கே முதல் உரிமை. கூட்டம் தெரிந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு போவது கேவலமில்லை. பணிவாக நடப்பது ரஹ்மானின் அடியார்களுடைய அடையாளம். (25:63)

காதில் இயர்போன், கையில் செல்போன், பின்னால் இரண்டு பேர் என்று ஓட்டாதீர்கள். சைக்கிளுக்கு மணி, பிரேக், இருட்டில் ஒளிரும் பட்டை வையுங்கள். ஸ்கூட்டருக்குத் தலைக்கவசம் போடுங்கள். நம்மை நாமே அழிவில் போட்டுக்கொள்ளக்கூடாது என்பது குர்ஆனின் கட்டளை. (2:195)

சாய்தளம், மாடிப்படி, அவசர வழி, தீயணைப்புக் கருவி, மஞ்சள் ஓடு ஆகிய இடங்களில் ஒரு நிமிடம்கூட நிறுத்தாதீர்கள். ஒரு நிமிடம் என்றுதான் எல்லோரும் நிறுத்துகிறார்கள்.

நிறுத்தியதும் சாவியை எடுங்கள், பூட்டுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன மார்க்கம் நம்முடையது. பேட்டரியை மாடிப்படிக்குக் கீழேயும், தூங்கும் அறையிலும், ஒயரை நடைபாதையின் குறுக்கே இழுத்தும் சார்ஜ் போடாதீர்கள்.

வழியில் நிற்கும் வண்டி அடுத்தவருடையதாக இருந்தால் திட்டிவிட்டுப் போகாதீர்கள். முடிந்தால் நகர்த்தி வையுங்கள். எனக்குப் பயன் தரும் ஒன்றைக் கற்றுத் தாருங்கள் என்று அபூபர்ஸா (ரலி) கேட்டபோது, முஸ்லிம்களின் பாதையிலிருந்து தொல்லை தருவதை அகற்றும்படிதான் நபி (ஸல்) அவர்கள் சொன்னார்கள். (முஸ்லிம்)

அந்தத் தம்பி பிறகு என்ன செய்தார்?

அத்தாவிடம் சொல்லப் பயந்தார். பிறகு சொல்லிவிட்டார். இருவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த அம்மாவின் வீட்டுக்குப் போனார்கள். வண்டி என்னுடையதுதான் என்று இவர் சொன்னதும் அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லையாம். கை குணமாகும் வரை உள்ள கூலியையும் மருத்துவச் செலவையும் தருவதாக அத்தா சொன்னார். தவணை கட்டும் குடும்பம்தான்; மாதாமாதம் பிரித்துத் தருகிறார்கள். அந்த அம்மா பணத்தை வேண்டாம் என்று சொல்லவில்லை. அவருக்கு அது உரிமை, உதவி அல்ல. ஆனால் ஒன்று கேட்டாராம்: "பணத்தைக் குடுத்துட்டீங்க தம்பி. நாளைக்கு நான் வேலைக்குப் போனா அந்த வாசல்ல மறுபடி வண்டி நிக்குமே, அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

இந்தக் கேள்விக்கு அவரால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. இப்போது விடுதியில் ஃபஜ்ர் தொழுதுவிட்டுப் பின்வாசலுக்குப் போகிறாராம். சாய்தளத்தில் நிற்கும் வண்டிகளைத் தூக்கி ஓரமாக வைக்கிறார். சிலர் சத்தம் போடுகிறார்கள், என் வண்டியை நீ ஏன் தொட்டாய் என்று. சிலர் மறுநாள் அங்கே நிறுத்துவதில்லை. நிர்வாகத்திடம் கூரை கேட்டு மனுவும் கொடுத்திருக்கிறார்கள். கூரை இன்னும் வரவில்லை.

பாதையில் கிடந்த முள் கிளையை ஒதுக்கி வைத்த ஒரு மனிதரை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு மன்னித்தான் என்று ஹதீஸில் படிக்கிறோம். (புகாரி, முஸ்லிம்) அந்த முள்ளை அங்கே போட்டவர் அவர் அல்ல. நாம் போட்ட முள்ளையாவது நாம் எடுப்போம். இன்றைக்குத் தொழுகை முடிந்து வெளியே போகும்போது, முதலில் நம் வண்டி எங்கே நிற்கிறது என்று பார்ப்போம்.

யா அல்லாஹ்! எங்கள் நாவிலிருந்தும் கையிலிருந்தும் எங்கள் வாகனங்களிலிருந்தும் உன் அடியார்களுக்குப் பாதுகாப்பைக் கொடுப்பாயாக! நாங்கள் அறிந்தும் அறியாமலும் யாருக்கேனும் நோவினை கொடுத்திருந்தால், அதை இந்த உலகத்திலேயே சரிசெய்துகொள்ளும் துணிவைத் தருவாயாக! காயம்பட்டவர்களுக்கு ஷிஃபாவைக் கொடுப்பாயாக! பயணத்தில் இருக்கும் எங்கள் பிள்ளைகளை ஸலாமத்தாக வீடு சேர்ப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்து லில்லாஹி ரப்பில் ஆலமீன்.